சக்கரங்களின் மேல் ஒரு வீடு

அமெரிக்காவில் ஒரு முகாம் திடல். பொழுது இப்பொழுதுதான் புலர்கிறது. ஒரு கணவனும் மனைவியும் தங்கள் டிரெய்லரைக் காரின் பின்னால் மாட்டி முடித்துவிட்டனர். இனிப் புறப்பட வேண்டியதுதான். ஆனால், அவர்கள் புறப்படவில்லை. மனைவி காரில் அமர்ந்து பிரேக்கை மிதிக்கிறார். கணவர் பின்னால் நின்றுகொண்டு சிவப்பு விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா என்று பார்க்கிறார். அடுத்து இடப்பக்கச் சைகை விளக்கு, வலப்பக்கச் சைகை விளக்கு. பிறகு மனைவி இறங்கி வந்து வண்டியை ஒரு முறை சுற்றி வருகிறார். அவர் பார்த்து முடித்ததைக் கணவர் மீண்டும் ஒரு முறை சுற்றிப் பார்க்கிறார்.

பக்கத்துக் கூடாரத்தில் காப்பி அருந்திக்கொண்டிருப்பவருக்கு இது வீண் வேலையாகத் தெரியலாம். ஆனால், இப்படிச் சுற்றி வரும்போதுதான் மடிக்க மறந்த படிக்கட்டும், மூட மறந்த கூரைச் சாளரமும், பிடுங்க மறந்த மின்கம்பியும் கண்ணில் படுகின்றன. இரண்டு டன் எடையுள்ள ஒரு வீட்டை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்லப் போகிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பெரிதல்ல.

பயண டிரெய்லர் என்பது இயந்திரம் இல்லாத ஒரு சிறிய வீடு. அதனுள் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிவறை ஆகியவை இருக்கும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதனைக் கேரவன் என்பார்கள். சேரும் இடம் வந்ததும் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம் என்பதே இதன் பெரிய வசதி.

ஓய்வுப் பயணத்திற்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன்களுள் ஒன்று 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உருவானது. கடற்படை மருத்துவராக இருந்து பின்னர்ச் சிறுவர் கதைகள் எழுதிய கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் அதைச் செய்வித்தார். ‘வாண்டரர்’ என்று பெயரிடப்பட்ட அந்த வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. குறுகிய சாலைகளில் எதிரே வருபவர்களை எச்சரிக்க, அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றார். பிறகு கார் வந்தது. குதிரைகளுக்கு ஓய்வு கிடைத்தது. அமெரிக்காவில் வாலி பயாம் என்பவர் 1931இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1936இல் வெளியிட்ட ‘கிளிப்பர்’ என்ற டிரெய்லர் விமானத்தைப் போலவே அலுமினியத் தகடுகளை ரிவிட் ஆணிகளால் இணைத்துச் செய்யப்பட்டது. 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் மூவரும் பூமியில் முதல் சில நாள்களைக் கழித்த தனிமைப்படுத்தும் அறையும் மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரே.

பயாமின் வாழ்க்கையில் பராமரிப்பின் அருமையைச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1951இல் அவர் 63 டிரெய்லர்களைத் திரட்டிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து மத்திய அமெரிக்க நாடுகளுக்குப் புறப்பட்டார். முரட்டுச் சாலைகளும் மலைப்பாதைகளும் வண்டிகளைச் சோதித்தன. நிக்கராகுவாவின் தலைநகரான மனாகுவாவை எட்டியவை 14 மட்டுமே. பயாம் மனம் தளரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், 1959இல், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோவுக்கு ஏறத்தாழ 40 டிரெய்லர்களுடன் மீண்டும் புறப்பட்டார். இம்முறை அந்த அணிவகுப்பு கெய்ரோவரை சென்று சேர்ந்தது.

டிரெய்லர் வைத்திருப்பவர் முதலில் கற்க வேண்டியது எடையைப் பற்றித்தான். மொத்த எடை எவ்வளவு என்பது தெரிந்தால் மட்டும் போதாது. அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். டிரெய்லரின் முன்பக்கத்திலிருந்து நீளும் இரும்புத் தண்டு, காரின் பின்னால் உள்ள ஓர் இரும்புக் குண்டின் மேல் தொப்பி போல அமர்கிறது. அந்தக் குண்டின் மேல் தண்டு எவ்வளவு அழுத்துகிறதோ அதுவே முன்தண்டு எடை. வட அமெரிக்காவில் இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது வழக்கம். 2,000 கிலோகிராம் எடையுள்ள டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோகிராம். ஐரோப்பாவில் வண்டிகளின் அமைப்பும் வேக வரம்பும் வேறு. அங்கு இதைவிடக் குறைவாகவே வைப்பார்கள்.

முன்பக்கம் ஏன் கனமாக இருக்க வேண்டும்? விளையாட்டுத் திடலில் உள்ள சீசோவை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். டிரெய்லரின் சக்கரங்களே சீசோவின் நடுத்தாங்கி. பின்பக்கம் கனமானால் முன்தண்டு மேலே எழும்பப் பார்க்கும். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் உள்ள ஓட்டப்பயிற்சி இயந்திரத்தின் பட்டை மேல் ஒரு பொம்மைக் காரையும் அதன் பின்னால் ஒரு பொம்மை டிரெய்லரையும் வைப்பார்கள். டிரெய்லரின் முன்பக்கத்தில் சிறு எடையை வைத்துப் பட்டையை ஓடவிட்டு, விரலால் தட்டினால் டிரெய்லர் ஒரு முறை ஆடிவிட்டு நேராகிவிடும். அதே எடையைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டினால் ஆட்டம் நிற்பதில்லை. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் டிரெய்லர் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

உண்மையான சாலையில் விரலுக்குப் பதிலாக ஒரு பெரிய லாரி முந்திச் செல்லும்போது எழும் காற்று தட்டுகிறது. அல்லது இறக்கத்தில் வீசும் பக்கக் காற்று தட்டுகிறது. ஆட்டம் தொடங்கியதும் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். அதுதான் ஆபத்து. கார் திடீரென்று வேகம் குறைந்தால் பின்னால் வரும் எடை அதைத் தள்ளும், ஆட்டம் பெரிதாகும். ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புவதும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதைப் போன்றதே. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, எரிபொருள் மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாக இயக்கும் கருவி காரில் இருந்தால் அதைக் கையால் அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னுக்கு இழுக்க, இரண்டு வாகனங்களும் மீண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

இதைச் செய்து பழகுவதற்குச் சாலையில் வாய்ப்பில்லை. ஆகவே, வீட்டு வாசலில் பொருள்களை ஏற்றும்போதே கவனம் வேண்டும். கனமான பொருள்களைத் தரையோடு, சக்கரங்களுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ வைப்பது நல்லது. பலர் மறந்துபோவது தண்ணீரை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். 150 லிட்டர் தொட்டி பின்பக்கத்தில் இருந்து, அதை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், இரண்டு பெரியவர்கள் கடைசி இருக்கையில் ஏறிக்கொண்டதற்குச் சமம். பின்பக்கத்தில் நான்கு மிதிவண்டிகளையும் தொங்கவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும்.

இணைப்பிலும் ஏமாற்றம் உண்டு. இரும்புக் குண்டுகள் பல அளவுகளில் வருகின்றன. பெரிய தொப்பி சிறிய குண்டின் மேலும் உட்கார்ந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். முதல் மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடும். எனவே, பூட்டிய பிறகு முன்தண்டை ஜாக்கியால் உயர்த்திப் பார்ப்பார்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் இணைப்பு சரி. அதற்கும் மேலாக இரண்டு சங்கிலிகளைத் தண்டுக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக மாட்டுவார்கள். தண்டு கழன்றாலும் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழுமே தவிர, சாலையில் குத்தாது. இன்னொரு மெல்லிய கம்பி இருக்கும். டிரெய்லர் முழுவதுமாகப் பிரிந்து போனால் அது இழுபட்டு டிரெய்லரின் பிரேக்கைப் போட்டுவிடும். அதைச் சங்கிலியோடு சேர்த்து மாட்டுபவர்கள் உண்டு. சங்கிலி மாட்டிய வளையமே பிய்ந்துபோனால் கம்பியும் அதோடு சேர்ந்து போய்விடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

டயர்களின் கதை சற்று விந்தையானது. காரின் டயர் ஓடித் தேய்கிறது. டிரெய்லரின் டயரோ நின்றே கெடுகிறது. ஆண்டில் பல மாதம் வெயிலில் ஒரே இடத்தில் நிற்பதால் இரப்பர் வறண்டு பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். மேலே பள்ளங்கள் புதியவைபோல ஆழமாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அமெரிக்க விதிப்படி செய்யப்பட்ட டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. காற்று குறைந்த டயர் அதிகம் வளைந்து நெளிந்து சூடேறும். சூடேறிய டயர் வெடிக்கும். அதனால் காற்றழுத்தத்தைப் புறப்படும் முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். சக்கரத்தின் நடுவில் உள்ள பேரிங்குகளைக் கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் இடுவது ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய வேலை. வழியில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுப்பகுதி அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். மற்றச் சக்கரங்களைவிட ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால், அங்கே ஏதோ கோளாறு.

டிரெய்லரின் உயிரை வாங்கும் பகைவன் யார் என்று கேட்டால், அனுபவசாலிகள் விபத்தைச் சொல்லமாட்டார்கள், மழையைத்தான் சொல்வார்கள். கூரையில் காற்றுத் துவாரம், சாளரம், வானொலிக் கம்பி என்று பல இடங்களில் துளையிட்டிருப்பார்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நீர் புகாத பசை பூசப்பட்டிருக்கும். வெயிலில் சுருங்கியும், சாலையில் குலுங்கியும் அந்தப் பசை ஒருநாள் மயிரிழை அளவு விரிசல் விடும். அவ்வழியே இறங்கும் மழைநீர் சுவருக்குள் உள்ள மரச்சட்டத்தில் ஊறும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மணமோ கறையோ தெரியவரும்போது சட்டம் உளுத்துப் போயிருக்கும். பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் மெத்தையையும் அடுப்பையும் பார்ப்பதற்கு முன் மூலைகளில் தரையைக் காலால் அழுத்திப் பார்க்கிறார்கள். அலமாரிகளின் மேல் மூலையில் கைவிட்டுத் தடவுகிறார்கள். தரை பஞ்சுபோல அமுங்கினால் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. சொந்த டிரெய்லர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பார்க்க வேண்டும். ஒரு குழல் பசையின் விலை மிகச் சிறிது. சுவரைப் பிரித்துச் சட்டத்தை மாற்றும் செலவோ சில வேளைகளில் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

உள்ளே இருக்கும் வசதிகளுள் மிகுந்த மரியாதையோடு நடத்த வேண்டியது எரிவாயு. மலேசிய வீட்டுச் சமையலறைகளில் உள்ள தோம்பில் புரோபேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகை செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். எனவே, குளிர்நாட்டு டிரெய்லர்களில் புரோபேனையே நிரப்புகிறார்கள். அது –42 பாகை வரை ஆவியாகும். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் புகைபோல மேலே போகாமல் தண்ணீர்போலத் தரையில் தேங்கும். அதனால்தான் எரிவாயுவைக் கண்டறியும் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்துகிறார்கள். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவர் அதன் முடிவைச் சொல்ல இருக்கமாட்டார்.

கசிவைவிடவும் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. குளிர் தாங்காமல் அடுப்பைப் பற்றவைத்துக் கதவு, சாளரங்களை இறுக மூடிக்கொண்டு உறங்குபவர்கள் மீண்டும் விழிப்பதில்லை. சமையல் அடுப்பு குளிர்காய்வதற்கு அன்று. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை மாதந்தோறும் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். அந்தக் கருவிக்கும் ஆயுள் உண்டு. காலாவதித் தேதி அதன் பின்புறத்திலேயே இருக்கும்.

பல டிரெய்லர்களில் உள்ள குளிர்பதனப் பெட்டி நெருப்பினால் குளிர்கிறது என்றால் மாணவர்கள் நம்பத் தயங்கலாம். 1922இல் சுவீடனில் பால்ட்சர் வான் பிளேட்டன், கார்ல் முந்தர்ஸ் என்னும் இரண்டு பொறியியல் மாணவர்கள் இதனைக் கண்டுபிடித்தனர். சிறு சுடர் அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கும். அம்மோனியா பிரிந்து, குளிர்ந்து நீர்மமாகி, பின்னர் ஹைட்ரஜன் வாயுவின் நடுவே மீண்டும் ஆவியாகும்போது பெட்டிக்குள் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை, சத்தமும் இல்லை. ஆனால், நீர்மம் தன் எடையால்தான் கீழே வழிந்து வர வேண்டும். டிரெய்லர் சாய்ந்து நின்றால் அது வழியில் தேங்கி, பெட்டி கெட்டுவிடும். முகாமில் இறங்கியதும் பலர் முதல் வேலையாக நீர்மட்டக் கருவியை எடுப்பதற்கு இதுவே காரணம். முதலில் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ்க் கட்டைகளை வைத்து இடவலமாகச் சமன் செய்ய வேண்டும். அடுத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்க வேண்டும். அதன் பிறகே காரிலிருந்து கழற்ற வேண்டும். ஆப்பு வைக்க மறந்து கழற்றினால் வீடு தானாகவே புறப்பட்டுவிடும்.

மின்கலத்திலும் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் ஈய-அமில மின்கலத்தில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். வெப்பமூட்டியின் விசிறி 7 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். குளிரான இரவில் அது விட்டுவிட்டு ஓடி மொத்தம் 7 மணி நேரம் ஓடினால் 49 ஆம்பியர்-மணி போய்விடும். விடியும்போது விளக்கெரிய மின்சாரம் மிஞ்சாது. இதனால்தான் பலர் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்துகிறார்கள். கூடுதல் விலை கொடுத்து லித்தியம் மின்கலத்துக்கும் மாறுகிறார்கள்.

தண்ணீருக்கு மூன்று தொட்டிகள். ஒன்றில் குடிநீர், மற்றொன்றில் பாத்திரம் கழுவிய நீர், மூன்றாவதில் கழிவறைக் கழிவு. குடிநீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் ஒரே பெட்டியில் வைப்பது மன்னிக்க முடியாத பிழை. கழிவை வெளியேற்றும்போது கையுறை அணிந்து, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். பின்னர்ப் பாத்திரம் கழுவிய நீரைத் திறந்தால் அது குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை செய்தவர் மறப்பதில்லை.

ஆண்டு முழுவதும் வெயில் காயும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இல்லாத ஒரு வேலை அமெரிக்காவின் வட மாநிலங்களில் உண்டு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். குழாயில் எஞ்சிய ஒரு குவளை நீர் போதும், குளிர்காலத்தில் குழாயைப் பிளந்துவிடும். ஆகவே, இலையுதிர் காலத்தின் இறுதியில் தொட்டிகளையும் சூடேற்றியையும் வடிகட்டி, நஞ்சில்லாத இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீர்மத்தைக் குழாய்களில் செலுத்துவார்கள். ஒவ்வொரு குழாயிலும் சிவப்பு நிறம் வரும்வரை திறந்து வைப்பார்கள். எலி நுழையக்கூடிய துளைகளில் இரும்புக் கம்பிப் பஞ்சை அடைப்பார்கள். ஓர் அரிசி மணியைக்கூட அலமாரியில் விட்டுவைக்கமாட்டார்கள். மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவார்கள்.

ஏப்ரலில் பனி உருகியதும் அதே குழாய்கள் மீண்டும் திறக்கப்படும். முதலில் இளஞ்சிவப்பு நீர் வரும். பிறகு வெளிறிய நீர். கடைசியில் தெளிந்த நீர். தொட்டியில் சிறிதளவு குளோரின் கரைசலை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மணம் போகும்வரை அலசுவார்கள். டயருக்குக் காற்றடிப்பார்கள், ஏணியில் ஏறிக் கூரையைப் பார்ப்பார்கள். அதன் பிறகு, ஒருவர் காரில் அமர்ந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் பின்னால் போய் நின்றுகொள்வார்.